வயிறு நிறைகிறது, தட்டு நிறையவில்லை

ரேஷன் தானியம் இலவசம். ஆரோக்கியத்துக்குத் தேவையான மற்றதெல்லாம் அந்தப் பைக்கு வெளியே இருக்கிறது. கையில் மிஞ்சும் சில ரூபாய்களில் அதை வாங்க முடியுமா?

கோடை தொடங்கிவிட்டால் பாட்னாவின் காந்தி மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வெயில் ஏறும் முன்பே தள்ளுவண்டிகள் வந்து நின்றுவிடுகின்றன. வண்டியின் நடுவில் கோபுரமாகக் குவித்த வெளிர்மஞ்சள் மாவு. அதன் மேல் செருகிய பச்சை மிளகாய், பக்கத்தில் எலுமிச்சம்பழம், நறுக்கிய வெங்காயம், ஒரு பானைத் தண்ணீர். வண்டிக்காரர் இரண்டு கை மாவை அள்ளி, உப்பும் வறுத்த சீரகப் பொடியும் தூவி, எலுமிச்சை பிழிந்து, தண்ணீர் விட்டுக் கடைகிறார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்த சவாரிக்குக் கிளம்புகிறார் ரிக்‌ஷாக்காரர். மதியம் வரை அவருக்கு வேறெதுவும் வேண்டாம்.

இதுதான் பீகாரின் சத்தூ. பெயரைக் கேட்டதும் தமிழர் காதில் 'சத்து' என்று விழும். உண்மையில் இது 'சக்து' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒற்றுமை தற்செயல்தான் என்றாலும் பொருத்தமானது. கொண்டைக்கடலையை நனைத்து, உலர்த்தி, சூடான மணலில் வறுத்து, மில்லில் அரைத்தால் சத்தூ. நம் வீட்டுச் சட்னியில் போடும் பொட்டுக்கடலைக்கு மிக நெருங்கிய சொந்தம். சில ஊர்களில் பார்லியையோ மக்காச்சோளத்தையோ சேர்த்து அரைப்பார்கள். தமிழர்கள் சித்திரை முதல் நாளைக் கொண்டாடும் அதே ஏப்ரல் 14ஐ ஒட்டி, பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் 'சதுவான்' வருகிறது. அன்று புது சத்தூவும் மாங்காயும்தான் பண்டிகைச் சாப்பாடு.

100 கிராம் சத்தூவில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. நார்ச்சத்தும் இரும்பும் இருக்கின்றன. கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 கிராம் போட்ட ஒரு கிளாஸின் அடக்கவிலை ஏழரை ரூபாய். அதில் கிடைக்கும் புரதம் 10 கிராம். அடுப்பு வேண்டாம், பாத்திரம் வேண்டாம், ஃபிரிட்ஜ் வேண்டாம். லூதியானாவுக்கும் சூரத்துக்கும் திருப்பூருக்கும் ரயிலேறும் பீகார் தொழிலாளியின் பையில் ஒரு பொட்டலம் சத்தூ இருப்பதற்கு ருசியோடு இந்த வசதியும் காரணம். ஊட்டச்சத்து நிபுணர்கள் கூடி உட்கார்ந்து ஏழைகளுக்காக ஓர் உணவைத் திட்டமிட்டிருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் சத்தூ பிறந்த மண்ணிலேயே பெண்களும் குழந்தைகளும் ரத்தசோகையோடு இருக்கிறார்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் இது 53 சதவிகிதமாக இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அரசுக் கிடங்குகளில் தானியம் நிரம்பி வழியும் காலத்தில் வந்த கணக்கு இது.

56 ரூபாய் வாழ்க்கை

தானியத்துக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். 2013ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சுமார் 81 கோடிப் பேருக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசியோ கோதுமையோ கிடைக்கிறது. பரம ஏழைக் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. முன்பு அரிசிக்கு 3 ரூபாய், கோதுமைக்கு 2 ரூபாய் என்று இருந்த விலையும் 2023 ஜனவரி முதல் இல்லை. 2024 ஜனவரி முதல் இந்த இலவசம் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஊர்விட்டு ஊர் போனவரும் அதே கார்டைக் காட்டி வாங்கிக்கொள்ளும் வசதி 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது.

தலைக்கு 5 கிலோ என்றால் நாளைக்கு 167 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரிக்கு வரைந்து காட்டும் தட்டில் தானியம் 250 கிராம்தான். அதாவது மூன்றில் இரண்டு பங்கு இலவசமாக வந்துவிடுகிறது. சிக்கல் தட்டின் மற்ற பகுதியில்தான். 85 கிராம் பருப்பு, 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 300 மில்லி பால், 35 கிராம் கடலை வகைகள், 27 கிராம் எண்ணெய் என்கிறது நிறுவனம். மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2024ல் வெளியான அதன் வழிகாட்டியின் அறிவுரை. இந்தியர்களின் நடைமுறையில் இது 50 முதல் 70 சதவிகிதம் வரை போகிறது என்றும் அதுவே சொல்கிறது.

இந்தத் தட்டுக்கு என்ன விலை? கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 2023-24ம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில், கிராமப்புறத்தில் மிகவும் கீழே உள்ள 5 சதவிகிதம் மக்களின் மாதச் செலவு தலைக்கு 1,677 ரூபாய். இலவசமாக வரும் பொருட்களின் மதிப்பு இதில் சேரவில்லை. நாளைக்கு 56 ரூபாய். வாடகை, பஸ், மருந்து, செருப்பு, பள்ளிக்கூட நோட்டு, மொபைல் எல்லாம் இதற்குள். பாதியைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கினால் 28 ரூபாய். ஐந்து பேர் குடும்பத்துக்கு நாளைக்கு 140.

இனி கடைக்குப் போகலாம். விலை ஊருக்கு ஊர் மாறும். எனவே மலிவான பக்கமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு 425 கிராம் பருப்பு, கிலோ 100 என்றால் 42 ரூபாய். ஒன்றரை லிட்டர் பால், லிட்டர் 60 என்றால் 90. இரண்டு கிலோ காய்கறி, கிலோ 30 வீதம் 60. அரைக் கிலோ பழம் 30. எண்ணெய் 19. பாதாமையும் முந்திரியையும் மறந்துவிட்டு வேர்க்கடலை வாங்கினால் 24. ரேஷனுக்கு மேல் தேவைப்படும் தானியம் 17. கூட்டினால் 282. கையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. உப்பு, மிளகாய், தேயிலை, காஸ் இன்னும் கணக்கில் வரவில்லை. ஐவரில் ஒருவர் மண் சுமப்பவராக இருந்தால் 250 கிராம் தானியம் அவருக்குப் போதாது என்பதும் வரவில்லை.

நிறுவனத்தின் தட்டு தவறு என்று இதற்குப் பொருளில்லை. உடலுக்கு என்ன தேவை என்று சொல்வது அதன் வேலை, சம்பளத்தை நிர்ணயிப்பதல்ல. ஆனால் 'சரிவிகித உணவு சாப்பிடுங்கள்' என்ற போஸ்டரைச் சுவரில் ஒட்டுகிறவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

எதை வெட்டுவது, எதை விடக் கூடாது

140 ரூபாய்க்குள் தட்டை மறுபடி அடுக்க முடியும். எதில் கை வைக்கிறோம் என்பதுதான் விஷயம். பெரும்பாலான வீடுகளில் பணம் இறுகும்போது முதலில் சுருங்குவது பருப்பு. குழம்பு நீர்த்துப்போகிறது. கணக்குப்படி கடைசியில் தொட வேண்டியது அதுதான்.

7 ரூபாயை அளவாக வைத்துப் பார்க்கலாம். அந்தக் காசுக்கு ஒரு முட்டை வாங்கினால் 6 கிராம் புரதம் கிடைக்கிறது. பாலாக வாங்கினால் 120 மில்லிக்கும் குறைவு, புரதம் 4 கிராமை எட்டாது. கிலோ 130க்கு விற்கும் துவரம்பருப்பானால் 54 கிராம், புரதம் 12 கிராம். கிலோ 90க்குக் கடலைப்பருப்பு கிடைத்தால் 16 கிராம் புரதம். வேர்க்கடலை கிலோ 140 என்றால் 50 கிராம். அதில் 12 கிராம் புரதம், கூடவே எண்ணெயும். இந்தப் பட்டியலில் எல்லாவற்றையும் முந்துவது சோயா உருண்டை. கிலோ 150 என்றாலும் 24 கிராம் புரதம் தருகிறது. வட இந்தியாவின் தொழிலாளர் குடியிருப்புகளில் உருளைக்கிழங்கோடு சோயா உருண்டைக் குழம்பு அடிக்கடி கொதிப்பது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

புரதம் மட்டுமே உணவாகிவிடாது. பி12 வைட்டமின் செடிகொடிகளில் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சி ஏதாவது ஒன்று வேண்டும். முட்டையில் ஏ வைட்டமினும் இருக்கிறது. எனவே ஐந்து பேர் குடும்பத்தில் ஒன்றரை லிட்டர் பாலைக் கால் லிட்டராகக் குறைத்து, நாளைக்கு இரண்டு முட்டையைச் சுற்று முறையில் குழந்தைகளுக்கும் தாய்க்கும் கொடுக்கலாம். பருப்பு 42 ரூபாய் அப்படியே நிற்கட்டும். 100 கிராம் வேர்க்கடலை 14. ஒரு கிலோ கீரையும் காயும் 30. முட்டை 14, பால் 15, எண்ணெயைப் பாதியாக்கினால் 10, தானியம் 17. மொத்தம் 142.

பழம் போய்விட்டது. கொய்யாவோ நெல்லிக்காயோ மலிந்த பருவத்தில்தான் இனி பழம். எலுமிச்சம்பழத்தை மட்டும் விடக் கூடாது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் எளிதில் ஒட்டாது, சி வைட்டமின் கூடச் சேர்ந்தால் ஒட்டும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும். பாட்னா வண்டிக்காரர் சத்தூவில் எலுமிச்சை பிழிவது ருசிக்காகத்தான். ஆனால் விஞ்ஞானமும் அவர் பக்கம் நிற்கிறது.

இந்தக் கணக்கில் கால்சியம் குறைகிறது. அதற்கு மலிவான வழி கேழ்வரகு. 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் இந்தியாவில் வேறில்லை. தென் கர்நாடகத்தில் களி உருண்டையும் கீரைச் சாறும் உழைப்பாளியின் உணவாக நீடிப்பது தற்செயல் அல்ல. அங்கே ரேஷனிலும் கேழ்வரகு உண்டு. 2017ல் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கிய ஒடிசாவும் பழங்குடி மாவட்ட விவசாயிகளிடம் வாங்கி ரேஷனில் கொடுத்தது. நகரத்துக் கடைகளில் கண்ணாடி டப்பாவுக்குள் போனதும் அதே கேழ்வரகின் விலை ஏறிவிடுகிறது. ஏழை சாப்பிட்டதைப் பணக்காரர் கண்டுபிடித்தால் ஏழைக்கு எட்டாமல் போகும் பழைய கதை.

குன்னூரில் தொடங்கிய கேள்வி

ஏழையின் தட்டைப் பற்றிய இந்திய ஆராய்ச்சி தமிழ் மண்ணில்தான் தொடங்கியது. 1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய உட்கார்ந்தார். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பியிருந்தவர்களின் நரம்பையும் இதயத்தையும் தாக்கிய நோய் அது. புழுங்கலரிசி சாப்பிட்டவர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ்காரரின் வெள்ளைச் சோற்றில் சோடையாயின.

அந்த ஒற்றை அறை 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. சேலத்தில் பிறந்து அதை நீண்ட காலம் நடத்திய சி. கோபாலன் அங்கே இன்னொரு நோயைச் சந்தித்தார். சோளத்தையே மூன்று வேளையும் தின்று வந்த தக்காணத்துக் கூலிகளுக்குப் பெல்லாக்ரா வந்தது. வெயில் படும் இடங்களில் தோல் கருகி உரியும் வியாதி. சோளத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுதியாக இருப்பதே காரணம் என்று கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960ல் வாதிட்டார்கள். காரணத்தைப் பற்றி அறிவியலில் விவாதங்கள் உண்டு. ஆனால் அரிசியானாலும் சோளமானாலும் ஒரே தானியத்தை மட்டும் நம்பிய உடல் எங்காவது முறிகிறது என்பதை இரண்டு நோய்களும் காட்டிவிட்டன.

உலகம் முழுவதும் 'புரதப் பஞ்சம்' என்ற பேச்சு அடிபட்ட 1960களில், மேல்நாட்டு நிபுணர்கள் புரதப் பொடிகளைப் பரிந்துரைத்தார்கள். கோபாலன் ஒப்புக்கொள்ளவில்லை. தானியமும் பருப்பும் கலந்த சாதாரணச் சாப்பாட்டை ஏழைக் குழந்தை வயிறு நிறையச் சாப்பிட்டாலே புரதம் வந்துவிடும், கிடைக்காதது சாப்பாடுதான் என்றார். அவருடைய நிறுவனம் பிரபலப்படுத்திய 'ஹைதராபாத் மிக்ஸ்' அந்த எண்ணத்தின் குழந்தை. வறுத்த கோதுமை 40 கிராம், கடலைப்பருப்பு 16, வேர்க்கடலை 10, வெல்லம் 20. சுமார் 330 கலோரி, 11 கிராம் புரதம். தானியத்தின் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்புகிறது. இட்லியும் கிச்சடியும் பருப்புச் சோறும் அதைத்தான் செய்கின்றன. மகாராஷ்டிரத்தின் ஜுன்கா பாக்கரும் அப்படியே. வெங்காயமும் மிளகாயும் சேர்த்துக் கிளறிய கடலைமாவும், சோளம் அல்லது கம்பு ரொட்டியும். 1995ல் ஆட்சிக்கு வந்த சிவசேனை-பாஜக அரசு அதை ஒரு ரூபாய்க்கு விற்கக் கடைகள் திறந்தது. சில ஆண்டுகளில் மானியம் நின்றது. உணவு நல்லது, திட்டம்தான் ஆட்சியோடு போயிற்று.

கோபாலன் அன்று சொன்னதில் ஒரு பாதி இன்று மாறியிருக்கிறது. அப்போது சோறு போதவில்லை. இப்போது பல வீடுகளில் சோறுதான் இருக்கிறது, சோற்றோடு சேர வேண்டியது இல்லை.

மலிவிலும் விஷம்

மலிவு என்பதற்காக எல்லாப் பருப்பும் நல்லதாகிவிடாது. மத்திய இந்தியாவில் நெல் அறுவடைக்கு முன்பே ஈர வயலில் தூவிவிட்டால், உழவும் நீரும் இல்லாமல் முளைத்து, வறட்சியையும் தாங்கி விளையும் ஒரு பருப்பு உண்டு. பெயர் கேசரி. மத்தியப் பிரதேசத்தின் ரேவா, சத்னா பகுதிகளில் கொத்தடிமைக் கூலிகளுக்குக் கூலியாகவே இதைக் கொடுத்து வந்தார்கள். மாதக்கணக்கில் அதையே முக்கிய உணவாகத் தின்றவர்களின் கால்கள் விறைத்தன. முதலில் ஒரு கோல், பிறகு இரண்டு கோல், கடைசியில் தவழ்ந்து போக வேண்டிய நிலை. லத்திரிசம் என்ற இந்த முடக்கம் திரும்பச் சரியாகாது. நிறைய வெந்நீரில் ஊறவைத்து, வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டால் நச்சு பெருமளவு போய்விடும் என்று ஆராய்ச்சி காட்டியது. ஆனால் தண்ணீரும் விறகும் அரிதான குடிசைக்கு அது எளிதான யோசனையல்ல. 1961ல் விற்பனைக்குத் தடை வந்தது. பிறகு நச்சு குறைந்த ரகங்கள் வந்தன. ஆனாலும் கடலைமாவிலும் சத்தூவிலும் மலிவான கலப்படமாகக் கேசரி தலைகாட்டுவது நிற்கவில்லை. முழுக் கடலையாக வாங்கி, கண்ணெதிரே அரைத்து வாங்கும் பீகார் பாட்டிகளின் பிடிவாதத்துக்கு நியாயம் இருக்கிறது.

இன்னொரு செலவு பாக்கெட்டில் வருகிறது. அதே நுகர்வு ஆய்வில், உணவுப் பொருட்களில் மக்கள் அதிகம் செலவிடுவது பானங்கள், சிற்றுண்டி, தயார் உணவு என்ற தலைப்பில்தான். கிராமத்தில் மொத்தச் செலவில் 9.84 சதவிகிதம், நகரத்தில் 11.09. கடையில் குடிக்கும் டீயும் வாங்கித் தின்னும் சாப்பாடும் இதில் அடக்கம். சமைக்க இடமில்லாமல் எட்டுப் பேர் ஓர் அறையில் தங்கும் தொழிலாளியை இதற்குக் குறைசொல்ல முடியாது. ஆனால் அழும் குழந்தையின் கையில் திணிக்கும் 5 ரூபாய் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் சேர்ந்த சமாசாரம் அது. கிலோ 150 ரூபாய் வறுகடலை என்றால் அதே 5 ரூபாய்க்கு 33 கிராம், ஏறக்குறைய 7 கிராம் புரதம். இரண்டு வயதுக் குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கும், பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். பிஸ்கட் ஜெயிப்பது அங்கேதான். அதற்கு யாரும் பொடிக்க வேண்டாம்.

நேரத்துக்கும் விலை உண்டு

பொடிப்பது யார்? 'மலிவான சத்துணவு' பற்றிய எந்த யோசனையும் கடைசியில் ஒரு பெண்ணின் நேரத்தில் போய் நிற்கிறது. கொண்டைக்கடலையை இரவே ஊறவைக்க வேண்டும். கீரையை ஆய வேண்டும். கம்பைக் குத்திப் புடைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவளுக்கு இதெல்லாம் இலவசமல்ல. 2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குக் காஸ் இணைப்பு போயிருக்கிறது. ஆனால் சிலிண்டரை நிரப்பும் காசு ஒவ்வொரு முறையும் கையிலிருந்து வர வேண்டும். நெடுநேரம் வேக வேண்டிய பயறுக்கும் பத்து நிமிடத்தில் ஆகும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் இடையே எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஊறவைப்பதும் பிரஷர் குக்கரும் இந்தப் போட்டியைச் சற்றுச் சமமாக்குகின்றன. ஏழை வீட்டில் குக்கர் ஆடம்பரமல்ல. அது எரிபொருள் சேமிப்புக் கருவி.

நாட்கூலி வீட்டில் இன்னொரு தண்டமும் உண்டு. பருப்பை மூட்டையாக வாங்குபவர் கொடுக்கும் விலைக்கும், மாலையில் கூலி கிடைத்ததும் கால் கிலோ வாங்குபவர் கொடுக்கும் விலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. எண்ணெயை 10 ரூபாய் பாக்கெட்டாக வாங்கும்போது லிட்டர் கணக்கில் அவர் அதிகமாகவே கொடுக்கிறார். ஏழையாக இருப்பதற்கு இந்த நாட்டில் செலவு அதிகம்.

காய்கறியின் கதை வேறு மாதிரி. 2023 ஜூலையில் பல நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது மத்திய அரசே வேன்களில் வைத்துக் குறைந்த விலைக்கு விற்றது. தக்காளி இல்லாமலும் உடம்பு நன்றாக இருக்கும், கீரை இல்லாமல்தான் இருக்காது. வட இந்தியக் குளிர்காலத்தில் கோதுமை வயலில் களையாக முளைக்கும் பத்துவா, நம்மூரில் சக்கரவர்த்திக் கீரை என்பார்கள், கடலைச் செடியின் கொழுந்து, கடுகுக் கீரை எல்லாம் வயலுக்குப் போகும் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருபவை. தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரத்தில் சிறுதானிய வயல்களில் தானாக முளைக்கும் கீரைகளைத் தலித் பெண்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள். களைக்கொல்லி தெளித்த வயலில் இவை எதுவும் மிஞ்சுவதில்லை. விளைச்சல் கணக்கில் இந்த இழப்பை யாரும் எழுதுவதும் இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் யாருக்குப் போகிறது என்பது இன்னொரு கேள்வி. கெட்டிப் பருப்பு உழைக்கும் ஆணுக்கும் மகனுக்கும், அடியில் தங்கிய நீர் கடைசியில் சாப்பிடும் மருமகளுக்கும் என்ற வழக்கம் பல மாநிலங்களில் உயிரோடு இருக்கிறது. 57 சதவிகிதம் என்ற எண்ணின் ஒரு பகுதி சந்தையில் உருவாவதில்லை. அடுப்படியில் உருவாகிறது. இதைச் சரிசெய்யச் செலவு எதுவும் இல்லை, ஆனாலும் எந்தத் திட்டத்தைவிடவும் மெதுவாக மாறுவது இதுதான்.

பருப்பும் முட்டையும் அரசும்

அரசுகளால் செய்ய முடிந்ததற்குச் சில உதாரணங்கள் இருக்கின்றன. தமிழ்நாடு 2007 முதல் ரேஷனில் மானிய விலையில் துவரம்பருப்பும் பாமாயிலும் கொடுக்கிறது. பருப்பு கிலோ 30 ரூபாய். இமாசலப் பிரதேசமும் கார்டுக்குப் பருப்பு தருகிறது. சத்தீஸ்கர் 2012ல், மத்திய சட்டத்துக்கு ஓராண்டு முன்பே, தனக்கென்று உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, பழங்குடிப் பகுதிகளில் கிலோ 5 ரூபாய்க்கு மாதம் 2 கிலோ கொண்டைக்கடலை கொடுக்க வகைசெய்தது. மத்திய அரசு 2023 ஜூலையில் 'பாரத் தால்' என்ற பெயரில் கடலைப்பருப்பைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது. அது விலையைத் தணிக்கும் சந்தை நடவடிக்கை. 81 கோடிப் பேரின் உரிமையாகத் தேசியச் சட்டத்தில் இருப்பது இன்றும் தானியம் மட்டுமே.

முட்டை விஷயத்தில் காசோடு அரசியலும் கலக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாரத்தின் ஐந்து நாளும் முட்டை. கர்நாடகத்தில் 2021ல் சில மாவட்டங்களில் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். 2024ல் அது வாரத்துக்கு ஆறு நாளாக உயர்ந்தது. மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக்கு முட்டை என்ற யோசனையை 2015ல் அன்றைய முதல்வரே நிராகரித்தார். 2023 நவம்பரில் வாரம் ஒரு முட்டை கொடுக்கத் தொடங்கிய மகாராஷ்டிரம் 2025 ஜனவரியில் அதற்கான நிதியை நிறுத்தியது. வேண்டாதவருக்கு வாழைப்பழம் கொடுக்கும் வழி எல்லா மாநிலத்துக்கும் தெரியும். ஆனாலும் முட்டை சாப்பிடும் பிள்ளைக்கு அது கிடைக்குமா என்பதை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வெளியே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள்.

பள்ளி மதிய உணவுக்கு மத்தியத் திட்டம் வகுத்த அளவு, ஆரம்பப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். தானியம் தனியே வந்துவிடும். பருப்பு, காய், எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கும் பணம் 2025 மே 1 முதல் 6 ரூபாய் 78 காசு. அதற்கு முன் 6 ரூபாய் 19 காசு. பெரும்பாலான மாநிலங்களில் இதை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பங்கிட்டுக்கொள்கின்றன. கடைத்தெருவில் ஒரு முட்டையின் விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முட்டையோ பாலோ பழமோ கொடுக்க விரும்பும் மாநிலம் அதற்கு மேல் தன் கையிலிருந்து போட வேண்டும்.